எறிபவனிடம் யாரும் பேசக் கூடாது

— தலைவரே, அந்தப் பக்கம் போகாதீங்க. சத்தியமா விட மாட்டேன்.

— வழி விடு ஆர்வில். நீ பந்து பிடிக்கிறவன், நான் இந்த பேஸ்பால் டீமோட மேனேஜர்டா.

— நீங்க மேனேஜர் கெஸ்லரா இருந்தாலும் சரி, கடவுளா இருந்தாலும் சரி. நில்ஸ் ஒன்பதுல எட்டு இன்னிங்ஸ் எறிஞ்சிட்டான். ஒருத்தன்கூட அவன் பந்தை அடிச்சு ஓடல. இப்படி எறியறவன்கிட்ட யாரும் வாய் திறக்கக் கூடாது, பேசினா ராசி போயிடும். பாருங்க, பெஞ்சுல அவன் பக்கமே காலி. தண்ணி குடுக்கக்கூட ஒருத்தனும் போகல.

— பாழாப்போன ராசி! முதலாளி இப்பத்தான் சொல்லிட்டுப் போறான். இந்த ஆட்டத்தோட டீமைக் கலைக்கிறானாம்.

— என்னது? சீசன் முடிய இன்னும் ஒரு மாசம் இருக்கே!

— லீக்ல ஆறு ஊர் இருந்துச்சு, இப்ப மூணுதான். பாதி ஆட்டம் மழையில போச்சு. மே மாசம் பேண்டு வாத்தியத்தோட ஆரம்பிச்சப்ப ஊரே திரண்டு வந்துச்சு. இன்னிக்கு ஆட்டம் பார்க்கிற பலகையில காக்காதான் உக்காந்திருக்கு.

— போன வருஷம் செத்த டீமோட சட்டையை மாட்டிவிட்டப்பவே நெனச்சேன். பழைய பேரைப் பிரிச்ச ஓட்டை இன்னும் நெஞ்சுல தெரியுது.

— கிண்டலை விடு. அவன் முழங்கையைப் பார்த்தியா? வீங்கிக் கிடக்கு. இல்லாத டீமுக்காக அந்தப் பையன் ஏன் கையை ஒடிச்சுக்கணும்? வெளியே எடுக்கப் போறேன்.

— ஐயோ தலைவரே! மூணாவது வரிசையில வைக்கோல் தொப்பி தெரியுதா? பெரிய டீமுக்கு ஆள் எடுக்க வந்தவர். இன்னும் மூணு பேர் அவுட்டானா நில்ஸ் பொழைச்சுக்குவான்.

— நீ என்ன பண்ணுவே?

— என்ன பண்றது, அப்பா வேலை செய்யற நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள எறங்க வேண்டியதுதான். ஒருத்தனாவது தப்பிக்கட்டுமே.

— கை போனவனை எவன்டா எடுப்பான்? நகரு!

— மாட்டேன். வேணும்னா அடிங்க.

— ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்க.

— நில்ஸ்! வாயை மூடுடா! நீ பேசவே கூடாது!

— டீமைக் கலைக்கிறது எனக்குக் காலையிலேயே தெரியும், ஆர்வில். அந்தத் தொப்பிக்காரர்தான் ஓட்டல்ல வச்சு சொன்னார்.

— அப்ப உன்னை எடுத்துக்கிறாராடா, தம்பி?

— இல்ல சார். என் முழங்கை போன வாரமே போயிடுச்சுன்னு நானே சொல்லிட்டேன். இன்னிக்கு என்கிட்ட வேகமே இல்ல. பந்தைப் பிடிக்க உக்காந்த ஆர்வில் விரலால எங்க காட்டினானோ அங்க போட்டேன், அவ்வளவுதான்.

— அப்புறம் அந்த ஆளு எதுக்குடா இன்னும் உக்காந்திருக்காரு?

— எறியறவனை விடுங்க, பந்தைப் பிடிக்கிறவனைப் பாருங்கன்னு நான்தான் அவரை உக்கார வச்சேன், ஆர்வில்.