கோடு தப்பாம நடந்தவன்

இல்லக்கா, நீங்க உக்காருங்க, நான் நிக்கிறேன். கிளாஸ் எடுத்து எடுத்து நின்னு பேசியே பழகிடுச்சு. ஆமா, டிரைவிங் ஸ்கூல்லேர்ந்துதான் வரேன். உங்க பையனுக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்தது வேற மாஸ்டர். நான் ரூமுக்குள்ள சொல்லிக்குடுக்கிறவ. சிக்னல், வேகம், அப்புறம் குடி, கஞ்சா, தூக்கம் வர்ற மாத்திரை, இதெல்லாம் உள்ள போனா ஏன் சாவியத் தொடக்கூடாதுன்னு.

சிரிங்க, பரவால்ல. எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு. அந்தப் பாடத்தக் கேட்ட புள்ளதான் பீரக் குடிச்சுட்டு, ஓரமா சும்மா நின்ன லாரியில கொண்டுபோய் விட்டிருக்கான்.

டாக்டர் என்ன சொன்னாரு? கை கூடிடும்னாரா, அப்பாடா. கூட வந்த பையனுக்கு? கால்ல பிளேட்டா... ம்ம். அவங்க அம்மாவ மாடிப்படிகிட்ட பாத்தேன். பக்கத்துல போகக் கால் வரல. தலையக் குனிஞ்சுட்டு வந்துட்டேன்.

நீங்க உள்ள போகலையாக்கா? நர்ஸ் சொன்னாங்க, ராத்திரி பூரா இந்தச் சேர்லயே இருந்தீங்களாம், அவன் மூஞ்சியப் பாக்கலையாம்.

ஓ. ஏண்டா இப்படிப் பண்ணேன்னு கேட்டதுக்கு வாயே திறக்கலையா. அவங்க அப்பா கேட்டப்பவும் சுவத்தையே பாத்துட்டிருந்தானா. இல்லக்கா, திமிர் இல்ல. அவன் காரணத்தச் சொல்ற வரைக்கும் உள்ள வரமாட்டேன்னு நீங்க சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கும். ஐயோ, உங்களக் குத்தம் சொல்லல. பெத்தவங்க வேற எப்படிக் கேப்பாங்க.

ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்கக்கா. நான் சுத்தி வளைச்சுத்தான் சொல்வேன், எனக்கு நேராச் சொல்ல வராது.

எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. அந்த வயசுப் பசங்க முன்னாடி நின்னா என் குரல் எனக்கே கேக்காது. மிஸ், வால்யூமக் கூட்டுங்கன்னு பின்னாடிலேர்ந்து கத்துவாங்க. வேற யாரு, உங்க பையன்தான். விபத்துப் படம் போட்டுக் காட்டினேன், இண்டர்வெல் எப்ப மிஸ்னு கேட்டான்.

அப்பதான் ஓனர் ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்தாரு. நீச்சலடிக்கப் போடுவாங்களே, அந்த மாதிரி. போட்டா குடிச்சவன் கண்ணுல பாக்கிற மாதிரி இருக்கும், எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும், தரை சாயும். தரையில மஞ்ச டேப் ஒட்டி, அதுமேல அடி மேல அடி வெச்சு நடக்கச் சொல்லணும். எவனாலயும் முடியாது. பாத்தீங்களா, நடக்கவே முடியல, எப்படி ஓட்டுவீங்கன்னு கேட்டு முடிச்சுக்கணும். அவ்வளவுதான் பாடம்.

அன்னிக்குத்தான் கிளாஸ் மொத்தமா என்னைப் பாத்துச்சு. ஒருத்தன் தண்ணி கேனக் கட்டிப்புடிச்சுட்டு விழுந்தான். ஒரு பொண்ணு போர்டுல முட்டிட்டு, சாரி மிஸ்னு போர்டுகிட்ட சொல்லிச்சு. நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். அதுக்கப்புறம் உள்ள நுழையறப்பவே, மிஸ், கண்ணாடின்னு கேக்க ஆரம்பிச்சாங்க. பாடம் விளையாட்டாயிடுச்சுன்னு எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? தெரியும்க்கா. ஆனா என்னை அவங்களுக்குப் புடிச்சிருந்துச்சே.

உங்க பையன் விடுவானா? எல்லாரும் போனப்புறமும் இருந்து பழகினான். கால் பக்கமே பாக்கக்கூடாது மிஸ், எதிர்ல ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிற மாதிரி பாத்துட்டே போகணும்னு அவனே கண்டுபுடிச்சான். கடைசி கிளாஸ்ல இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போயி, திரும்பியும் வந்துட்டான். ஒரே விசிலு. நான் அப்பச் சொல்லியிருக்கணும். டேய், டேப் மேல நடக்கிறது வேற, ரோட்டுல ஓட்டுறது வேற, குறுக்க ஒருத்தர் வந்தா பிரேக்குக்குப் போற கால் லேட்டாத்தான் போகும், அதுக்கு எந்தப் பழக்கமும் உதவாதுன்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. எல்லாரும் கைதட்டிட்டிருந்தாங்க, நானும் தட்டிட்டேன். இவன மாதிரி நிதானமா இருங்கன்னு மத்தவங்களுக்குப் புத்தி வேற சொன்னேன்.

நேத்து அந்தப் பார்ட்டி நடந்த வீட்டுல, கார் நிறுத்துற இடத்துல வெள்ளைக்கோடு போட்டிருக்காம். குடிச்சதுக்கப்புறம் அதுல நடந்து பாத்திருக்கான். போயிட்டு வந்திருக்கான், கால் தப்பல. பாஸ் பண்ணிட்டோம்னு நெனச்சுத்தான்க்கா சாவிய எடுத்தான். புரியுதா? அவன் பாடத்த மறக்கல. நான் சொல்லிக்குடுத்தத அப்படியே செஞ்சிருக்கான்.

ஆங்? எனக்கு எப்படித் தெரியும்னா...

அவன்தான் சொன்னான். இங்க வந்தப்புறம் இல்ல. நேத்து மத்தியானம், வண்டிய எடுக்கிறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணான். நான் செருப்புக் கடையில இருந்தேன், ஒரு கால்ல புதுசு, ஒரு கால்ல பழசு. மிஸ், கோட்டுல நேராப் போயி நேரா வந்துட்டேன், அப்ப ஓகேதானே மிஸ்னான். பின்னாடி ஒரே பாட்டுச் சத்தம். அவனுக்கு நாக்கு கொஞ்சம் இழுத்துச்சு. எனக்குத் தெரிஞ்சுச்சுக்கா. தெரியலன்னு பொய் சொல்ல மாட்டேன். குடிச்சிருக்கியாடான்னு ஒரு வார்த்தை கேக்கணும், அவ்வளவுதான். கேக்கக் கூச்சமா இருந்துச்சு. இவ்வளவு நாள் கழிச்சு ஒருத்தன் என்னை மதிச்சு போன் பண்றான், அவன்கிட்டப் போயி எப்படிக் கேக்கிறதுன்னு... ஓகேப்பா, ஓகேன்னு சிரிச்சுட்டு வெச்சுட்டேன்.

காலையில நீங்க மருந்து வாங்கப் போயிருந்தப்ப நான் உள்ள போனேன். என்னைப் பாத்ததும் என்ன சொன்னான் தெரியுமா? மிஸ், உங்களுக்கு போன் பண்ணத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், உங்க வேலை போயிடும், நீங்களும் சொல்லிடாதீங்கன்னான். சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

கீழ போலீஸ்காரர் வந்திருக்காரு, அவர்கிட்டப் போய்ச் சொல்லணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்டச் சொல்லிடலாம்னுதான் வந்தேன். காரணத்தக் கேட்டீங்கல்ல, அதச் சொல்லியாச்சு. நீங்க உள்ள போங்கக்கா.