அவள் அட்டையில் நான் எழுதிய இலக்கு

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியின் சத்தத்தையும் சேர்த்துத் தாங்கி அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே. என் வயதில் பாதி வயதில் இருந்துகொண்டு எனக்கு முழு எழுத்தும் தந்த எங்கள் ஆசிரியை அவர்களே. பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் என்னோடு முட்டி இடிக்க இடிக்க உட்கார்ந்து படித்த பம்பு மெக்கானிக் தம்பி அவர்களே, காவலாளி அண்ணன் அவர்களே, ரொட்டிக்கடை அக்கா அவர்களே. பெற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி முடித்த பிறகு தாங்களும் பள்ளிக்கு வந்த தாய்மார்களே. முன்வரிசைப் பெரியோர்களே, பின்வரிசைப் பிள்ளைகளே, உள்ளே வரலாமா, இப்படியே போய்விடலாமா என்று வாசலில் நின்று யோசிக்கும் நண்பர்களே. இடப்பக்கம் மூன்றாவது தூணுக்கு அருகில், பாதி முகத்தைத் தூணுக்குக் கொடுத்துவிட்டுப் பாதி முகத்தை நமக்குத் தந்து அமர்ந்திருக்கும் என் துணைவியார் அவர்களே. அனைவருக்கும் என் கையால் எழுதிய வணக்கம்.

ஆம், கையால் எழுதியதுதான். இதோ, ஒன்பது தாள். ஒன்பது தாள் எழுதப் பத்தொன்பது நாள் ஆயிற்று. ஆகவே, சுருக்கமாக முடிக்கவும் என்று யாரும் சீட்டு அனுப்ப வேண்டாம். நாற்பத்திரண்டு வருடம் மைக்செட் கட்டியவன் நான். எத்தனையோ பேச்சாளர்களின் கையில் அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், ஆனாலும் முடிக்கமாட்டார்கள். எனக்குத் தெரியாது, முடிப்பார்கள் என்று காத்திருப்பேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்த முகத்துக்கு முன்னால் நின்று எனக்குப் பழக்கமில்லை. மேடையின் ஓரத்தில், பெட்டிக்குப் பின்னால், வயர்களுக்கு நடுவில் இருந்தவன். "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ." நாற்பத்திரண்டு வருடத்தில் நான் மேடையில் பேசிய மொத்தப் பேச்சும் இதுதான். மூன்றுக்கு மேல் எண்ண எனக்கு ஒருவரும் நேரம் தந்ததில்லை. ஆனால் கேட்ட பேச்சு கொஞ்சமா? மேடை மேடையாகக் கேட்டேன், மேகம் மேகமாகக் கேட்டேன், மழையெல்லாம் என் காதில்தான் பெய்தது. காது நிறைந்தது, கண் காய்ந்தது.

கண் காய்ந்தவனின் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு கட்டடம், இரண்டு மண்டபம். மாடியில் ஓர் அதிகாரிக்குப் பணி ஓய்வுப் பாராட்டு. கீழே இன்னொரு பெரியவருக்கு இரங்கல் கூட்டம். இரண்டு வாசலிலும் பலகை இருந்தது. பலகை இருந்து என்ன, படிப்பு இருக்க வேண்டாமா? என்னை அழைத்தது மாடிக்கு; நான் கீழ் மண்டபத்தில் பெட்டியை இறக்கினேன். நல்ல துள்ளலான பாட்டாக ஒன்று போட்டேன். ஒருவர் அலறி அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "யோவ், பெரியவர் போயிட்டாருய்யா." நான் நிதானமாகச் சொன்னேன். "ஆமா சார், எத்தனை வருஷம் உழைச்சவரு. சந்தோஷமா போகட்டும் சார்." அன்றைக்கு நான் உயிரோடு வீடு வந்து சேர்ந்ததே பெரிது.

இப்படிப்பட்ட என்னைத்தான் இந்த வகுப்பு வாரி எடுத்தது. வாரம் நான்கு நாள், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, மாலை நான்கு மணிக்கு. நானும் என் துணைவியாரும் ஒன்றாகவே சேர்ந்தோம். ஒரே பெஞ்சு. சன்னல் பக்கம் அவர், நடைபாதைப் பக்கம் நான்.

எங்களுக்குப் பாடம் நடத்தப் பயன்பட்ட பொருள்களைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை இங்கே அழைத்தார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் எங்களுக்குக் கிடைத்தவை பிள்ளைகளின் பட அட்டைகள். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் அதன் பெயர். பம்பு மெக்கானிக் தம்பி ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "டீச்சர், யானையைப் பார்த்தா யானைன்னு எனக்கே தெரியும். அது நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருது? மோட்டார் மேல 'தொடாதே'ன்னு எழுதியிருக்காமே, அதைச் சொல்லிக்குடுங்க. ரெண்டு தடவை தொட்டுட்டேன்."

வேறோர் ஆசிரியையாக இருந்தால் வாயை மூடு என்றிருப்பார். எங்கள் ஆசிரியை அந்த யானையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். "நாளைக்கு வரும்போது ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க. படிக்கத் தெரியாததால உங்களை ஏமாத்தின எழுத்து எதுவோ, அதைக் கொண்டு வாங்க" என்றார்.

வந்தன பாருங்கள், வகை வகையாக. காவலாளி அண்ணன், தான் இருபது வருடம் காத்தும் ஒரு பெயரைக்கூடப் படித்தறியாத வருகைப் பதிவேட்டின் பழைய தாளைக் கொண்டுவந்தார். ரொட்டிக்கடை அக்கா, உப்பு என்று நினைத்து மாவில் கொட்டிய சமையல் சோடாவின் பையைக் கொண்டுவந்தார். நான் மண்டபத்துப் பலகையைப் போலவே ஒன்று எழுதி வாங்கி வந்தேன். அதோ அந்த மேசையில் நீங்கள் பார்த்துப் போகிறீர்களே, அவை காட்சிப் பொருள்கள் அல்ல. எங்களைக் கவிழ்த்த பொருள்கள். கவிழ்த்ததைக் கொண்டே எங்களை நிமிர்த்தினார் எங்கள் ஆசிரியை. இதைவிடப் பெரிய பாடப்பொருள் எந்தக் கடையில் கிடைக்கும்?

என் துணைவியார் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்தார். அவர் இருபத்தெட்டு வருடம் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் எந்த வார்டு என்று முத்திரை இருக்கும். படிக்கத் தெரியாமலே அத்தனையையும் பிரித்து அடுக்கியவர். "இது உங்களை எப்படிம்மா ஏமாத்திச்சு?" என்று ஆசிரியை கேட்டார். "இது எங்க என்னை ஏமாத்திச்சு? நான்தான் இதை ஏமாத்தினேன். படிக்காமலே ஒரு விரிப்புகூட வார்டு மாறினதில்ல" என்றார். வகுப்பே கைதட்டியது. ஓரத்து எழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் கொக்கி மாதிரி இருக்கறது குழந்தைங்க வார்டு." உடனே நான் குறுக்கே விழுந்தேன். "அது கொக்கி இல்ல, கு." அவர் என்னைப் பார்த்தார். நான் ஆசிரியையைப் பார்த்தேன். பாராட்டுக்காக.

அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

மூன்று மாதத்தில் எழுத்துக்கூட்டி எழுதப் படிக்க வந்த பிறகு வந்தது இலக்கு அட்டை. அதோ சுவரில், பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டிய படிக்கட்டு தெரிகிறதா? பின்வரிசைக்குத் தெரிகிறதா? ஆசிரியை சொன்னார். "ஒரு வருஷத்துல உங்களுக்கு என்ன வேணும்னு இந்த அட்டையில எழுதுங்க. பெரிய ஆசையா இருந்தாலும் பரவாயில்ல, வாரவாரமா நறுக்கித் தர்றது என் வேலை. ஆனா உங்க கையால எழுதணும். தப்பா இருந்தாலும் அது உங்க தப்பா இருக்கணும்." ஒரு வாரம் தவணை தந்தார்.

காவலாளி அண்ணன் தன் பதிவேட்டில் ஒரு பக்கம் படிக்க வேண்டும் என்று எழுதினார். நான் என்ன எழுதினேன்? மேடையில் நின்று, நானே எழுதியதை நானே படிக்க வேண்டும் என்று எழுதினேன். அதை ஆசிரியை பதினொரு படியாக நறுக்கினார். முதல் படி, எழுந்து நின்று என் பெயரைப் படிப்பது. இரண்டாம் படி, ஒரு வணக்கம். இன்று பதினொன்றாம் படியில் நின்று பேசுகிறேன். பார்த்தீர்களா, ஆசைக்குப் படி வெட்டிக் கொடுத்தால் அறுபத்தெட்டு வயது முட்டியும் ஏறும்.

ஆனால் என் துணைவியாரின் அட்டை? ஆறு நாள் வெறுமையாகவே இருந்தது. வீட்டு அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார். எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். பாவம், எழுத வரவில்லை என்று நினைத்தேன். ஏழாம் நாள் காலை, அவர் துணி காயப்போடப் போயிருந்த நேரம், அட்டையை எடுத்தேன். என்னிடம் இருந்ததிலேயே நல்ல கையெழுத்தில் எழுதினேன்: "வீட்டுச் சாமான் பட்டியல் எழுதுவது என் இலக்கு." எழுதிவிட்டு, ஊருக்கே உபகாரம் செய்தவன் போல் உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் வகுப்பு. ஆசிரியை என் துணைவியாரின் பெயரைச் சொன்னார். அவர் அட்டையை எடுத்தார். எழுத்து இருந்தது. நின்றார். ஒவ்வோர் எழுத்தாக, விரல் வைத்து, வாசித்தார். வீட்டு. சாமான். பட்டியல். முழு வரியையும் வாசித்துவிட்டார். அவர் வாழ்க்கையில் முழுதாக வாசித்த முதல் வரி அது. வகுப்பு கைதட்டியது. எல்லோரையும்விட உரக்கத் தட்டியவன் நான். அவர் அந்த அட்டையை விரிப்பை மடிப்பது போல நான்காக மடித்தார். உட்கார்ந்தார்.

வீட்டுக்கு நடந்து போனோம். "என்ன, முழுசா படிச்சுட்டியே. சந்தோஷமில்லையா?" என்று கேட்டேன்.

"ரொம்ப சந்தோஷம். எனக்கு என்ன வேணும்னு நாப்பத்தொரு வருஷமா நீங்க சொல்லிக் கேட்டுக்கிட்டேன். இன்னைக்கு நானே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

பாராட்டு என்று நினைத்து இரண்டு தெரு நிமிர்ந்து நடந்தேன். மூன்றாவது தெருவில்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அவள் வரவில்லை. முட்டி வலி என்றாள். அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மன்னியுங்கள், துணைவியார் என்று தாளில் எழுதியிருக்கிறேன், வாயில் அவள் என்று வருகிறது. வீட்டில் ஒரு குறையும் இல்லை. பேச்சு உண்டு, சிரிப்பு உண்டு. வகுப்பு மட்டும் இல்லை. ஆசிரியையிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். "ஆறு நாளும் அட்டை சும்மாவே இருந்துச்சும்மா, அதனாலதான்." அவர் கோபிக்கவில்லை. "சும்மா இருந்துச்சுன்னு உங்களுக்கு யாருங்கய்யா சொன்னது? அவங்க யோசிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. அதுவும் எழுதறதுல சேர்ந்ததுதான்" என்றார். புது அட்டை ஒன்றை எடுத்து, ஒன்றும் எழுதாமல், முதல் படியில் குத்திவைத்தார். அது அங்கேயே இருக்கிறது.

ஒரு நாள் வீட்டில் கேட்டேன். "சரி, நீ என்னதான் எழுத நெனச்சே? சொல்லேன்."

"சொன்னா நீங்க எழுதிடுவீங்க."

அவையோரே, பதினொரு வாரமாக அந்தப் பெஞ்சில் தனியாக உட்காருகிறேன். முழுப் பெஞ்சும் எனக்குத்தான். ஆனாலும் ஓரத்திலேயே ஒண்டிக்கொண்டு உட்காருகிறேன். சன்னல் பக்கம் காலியாக இருக்கிறது. புது வார்த்தை ஒன்று படித்தால் அந்தப் பக்கம் திரும்புகிறேன். யாரிடம் சொல்வது? படிப்படியாக ஏறினேன். ஏறிப் பார்த்தால் பக்கத்தில் ஆளில்லை. அவள் என்ன நினைத்தாள்? கடிதமா? கணக்கா? கதையா? அந்தச் சலவைக் கூடத்தின் வெந்நீர் ஆவிக்கு நடுவே இருபத்தெட்டு வருடம் அவள் மனத்தில் என்ன ஓடியது? நாற்பத்தொரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவன் நான்; எனக்குத் தெரியாது.

மைக்செட்காரனின் முதல் வேலை என்ன தெரியுமா? பேச வருகிறவரின் உயரம் பார்த்து மைக்கை ஏற்றுவது, இறக்குவது. நெட்டைக்கு ஏற்றினேன், குட்டைக்கு இறக்கினேன். நாற்காலியில் ஏறி நின்று பேசிய பிள்ளைக்கும் பார்த்துப் பார்த்து வைத்தேன். ஊருக்கெல்லாம் இறக்கிய கை, வீட்டில் ஒரு நாள் இறக்கியதா? இல்லை. என் உயரத்திலேயே வைத்திருந்தேன். அவள் பேசவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, தந்தைமார்களே, உங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் எத்தனை அட்டை? அதில் யார் கையெழுத்து? பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் என்று எழுதியது யார்? மகள் எடுத்து எடுத்துப் பார்த்து வைத்த அட்டையில் கல்யாணம் என்று எழுதியது யார்? அன்பாகத்தான் எழுதினோம். அழகாகத்தான் எழுதினோம். ஆனால் அடுத்தவர் ஆசையின் மேல் எழுதினோம். வெறும் அட்டையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வெறுமையாகத் தெரிகிற இடத்தில்தான் ஒருவர் தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார். பென்சிலைக் கொடுங்கள், பெஞ்சைக் கொடுங்கள், பொழுதைக் கொடுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். காத்திருப்பதும் கற்பித்தல்தான்.

இதோ, இதையும் நானேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அவளைப் பற்றி, அவளைக் கேட்காமல், ஒன்பது தாள். இது இரண்டாவது தப்பு. இனி வரும் பத்தியை நான் படிக்கப் போவதில்லை. மடித்துவிட்டேன்.

என்ன? யாரோ சொல்கிறார்கள். தாய்மார்கள் பக்கம் கொஞ்சம் அமைதி. தூணுக்குப் பின்னால் இருந்து பேசுகிறாள். மைக்கைக் கொண்டு வரட்டுமா? வேண்டாம் என்கிறாள். சரி. முன்வரிசைக்குக் கேட்கவில்லையாம், அவள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லலாமா? தலையசைக்கிறாள்.

"திங்கக்கிழமை வர்றேன். ஆனா நீங்க என் பெஞ்சுல உக்காரக் கூடாது. கடைசி பெஞ்சுக்குப் போயிடுங்க. எட்டியும் பார்க்கக் கூடாது."

அவ்வளவுதான் சொன்னாள். நான் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. நாற்பத்திரண்டு வருடத்தில் இன்றுதான் ஒலிபெருக்கி வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் உட்கார வா என்று கேட்க வந்தேன். வருகிறாள், பக்கத்தில் இல்லை. போகட்டும். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரியும், குனிந்த தலை தெரியும், பென்சில் ஆடுவது தெரியும். என்ன எழுதுகிறாள் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. ஆசிரியை அவர்களே, அந்த ஆசைக்கு எனக்கு இன்னோர் அட்டை கொடுங்கள். இதை மட்டும் வாரவாரமாக நறுக்காதீர்கள். முழுதாகவே வைத்துக்கொள்கிறேன்.

பேசச் சொன்ன தலைமைக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், தூணுக்கு வெளியே இப்போது முழு முகத்தையும் காட்டியவருக்கும் நன்றி கூறி, அடுத்துப் பேசுகிறவரின் உயரத்துக்கு மைக்கை இறக்கி வைத்துவிட்டு இறங்குகிறேன். வணக்கம்.