எடுக்காத பொட்டலம்

பூக் கட்டுவதில் எனக்கு எங்கள் ஊரில் நல்ல பெயர் உண்டு. சரம் கட்டுவதைச் சொல்லவில்லை. அதில் என் தங்கை பிரகதாம்பாள்தான் கெட்டிக்காரி. நான் சொல்வது, செல்லியம்மன் கோயிலில் உத்தரவு கேட்பதற்காகக் கட்டுவது. ஒரு பூவரச இலையில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னோர் இலையில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே அளவாக மடித்து வாழைநாரால் கட்டிக் கொடுத்தால், பூசாரி மருதையன் அம்மன் காலடியில் தட்டில் வைத்துக் குலுக்குவார். கேட்க வந்தவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கொண்டுபோய்க் குடமுருட்டி ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நீங்கள் எங்கள் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தபோது அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். முதல் மனைவி கிணற்றில் விழுந்து செத்த வீட்டில் எப்படி ஐயா பெண்ணைக் கொடுத்தீர்கள் என்று. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அது தெரியாது. பிரசவத்தில் இறந்ததாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் பள்ளியிறுதி வரை படித்தவள் என்பதால் வாயால் சொல்லாமல் எழுதியே தருகிறேன்.

எங்கள் அப்பா நடராசன் கழகத்தின் கிளைச் செயலாளர். எங்களுக்குப் பெயர் வைத்த காலத்தில் அவர் கட்சியில் சேர்ந்திருக்கவில்லை. இல்லாவிட்டால் தர்மாம்பாள், பிரகதாம்பாள் என்று வைத்திருக்க மாட்டார். மேடை ஏறினால் கல்லுக்கு ஏது சக்தி என்று கேட்பார். வீட்டில் ஒரு உழவுமாடு வாங்குவதென்றாலும், "தருமு, அம்மன ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடு" என்பார். கரைவேட்டியோடு கோயில் வாசலில் நின்றால் கட்சிக்காரர்கள் சிரிப்பார்கள் என்பதால் அம்மாவும் நானும் போவோம். அம்மாவுக்கு விரல்கள் மடங்காது. அதனால் கட்டுவது என் வேலையாயிற்று, எடுப்பது அம்மாவின் வேலை.

குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்த வருஷம் எனக்கு இருபத்து நான்கு வயது. மேடையில் உழுதவனுக்கே நிலம் என்று பேசிய அப்பா, எங்கள் வாய்க்கால் பங்கு வயலில் இருபது வருஷமாக உழுத வைரக்கண்ணுவைக் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்காரன் என்று தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்தார். அதை விசாரிக்கத்தான் அமிர்தலிங்கம் வந்தார். குமாஸ்தா. சைக்கிளில் வருவார். வயல்களின் சர்வே எண்களை நான் படிக்கப் படிக்க அவர் எழுதினார். பிறகு பேனாவை என்னிடம் கொடுத்து என்னையே எழுதச் சொன்னார். எழுதி முடித்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்குங்க" என்றார்.

அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அதுவரை என்னிடம் எதையும் அழகு என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் ஏழு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன்.

அப்போது வீட்டில் பெண் பார்க்கும் படலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் வந்தார். கோடியக்கரைப் பக்கம் உப்பளம் வைத்திருந்தவர் வந்தார். திருவையாற்றிலிருந்து வாத்தியார் ஒருவர். நான் பட்டுப்புடவை கட்டி, காபி கொடுத்து, நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போவேன். பிடிக்கவில்லை என்று சொன்னால் அம்மா அழுவாள், "ஒன் வயசுல எனக்கு ரெண்டு புள்ளைங்கடி" என்பாள். நானும் அழ வேண்டியிருக்கும். அதற்கு இது சுலபமாக இருந்தது. இரண்டு இலையிலும் அரளியை வைத்தேன். அம்மா எதை எடுத்தாலும் சிவப்பு. எடுக்காத பொட்டலத்தை நானே ஆற்றில் விட்டுவிட்டு வருவேன். முதல் தடவை பிரித்துப் பிரித்து மூன்று முறை கட்டினேன். இரண்டாம் தடவை ஒரே முறையில் கட்டிவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் ஒரு பக்கம் எனக்கு மாப்பிள்ளை தேட, நானும் என் பக்கத்துக்குத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். என் தேடல் என்பது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சைக்கிள் மணிக்குக் காத்திருப்பது. அமிர்தலிங்கம் விசாரணைக்காக ஏழெட்டுத் தடவை வந்தார். பிரகதா மோர் கொண்டுபோய்க் கொடுப்பாள். "சார் சைக்கிளுக்கு பிரேக்கே கெடையாதாக்கா, கால வெச்சுத்தான் நிறுத்துறாரு" என்று உள்ளே வந்து சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்தேன். கடைசியில் அவர் வைரக்கண்ணுவின் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டார். அப்பாவுக்குக் கோபம். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த தை மாதம் அவருடைய மாமா தாம்பூலத் தட்டோடு வந்தார். கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டது. "பொண்ணு கேட்டு வந்திருக்கோம்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் முகம் கழுவிக்கொண்டேன். மாம்பழக் கலர்ப் புடவையை எடுத்துக் கட்டினேன். மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அப்பா, "பிரகதா, இங்க வாம்மா" என்று கூப்பிட்டார்.

நான் புடவையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தேன். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. கட்டின புடவையை யாராவது பார்த்துவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன். பிரகதா பார்த்திருக்கவில்லை.

அப்பாவுக்கு மனம் இல்லை. ஆனாலும், "பெரியவளுக்கு அம்மன் வழிவிட மாட்டேங்குது, சின்னவளையும் எத்தன நாள் வீட்டுல வெச்சிருக்கறது, கேட்டுப் பாத்துடுங்க" என்றார். இந்தத் தடவை அம்மாவுக்குப் பதில் தானே எடுக்கிறேன் என்றாள் பிரகதா. முதல் நாள் சாயங்காலம் கொல்லையில் பூ பறிக்கும்போது அவள் என் பின்னாலேயே வந்தாள்.

"வெள்ள வரணும்க்கா. நல்லா வேண்டிக்கிட்டுக் கட்டு."

வேண்டிக்கொண்டுதான் கட்டினேன். இரண்டிலும் அரளி.

அவள் எடுத்த பொட்டலத்தை மருதையன் பிரித்தார். அவள் அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு தட்டில் இருந்த மற்றதை எடுத்துக்கொண்டு, "நான் விட்டுட்டு வர்றேன்க்கா" என்று படித்துறைக்குப் போனாள். வழக்கமாக நான் செய்கிற வேலை. தடுத்தால் சந்தேகம் வரும் என்று விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது அவள் கால் நனைந்திருந்தது. ஒன்றும் பேசவில்லை. துக்கத்தில் பேசவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அமிர்தலிங்கம் விடவில்லை. பூவையும் இலையையும் பார்த்தா கல்யாணத்தை முடிவு பண்ணுவது என்று அப்பாவுக்கே கடிதம் எழுதினார். கழகத்துக்காரரான அப்பாவால் அதற்குப் பதில் எழுத முடியவில்லை. அமிர்தலிங்கம் மீண்டும் ஒருமுறை நேரில் வந்தால் காரியம் நடந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. பிரகதாவுக்கு வேறு இடத்தில் சீக்கிரம் முடிந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். எல்லோருக்கும் நல்லது என்றுதான் அப்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் இராஜாங்கம் கேட்டு வந்தார். எங்களுக்குத் தூரத்து உறவு, முறை உண்டு. பாபநாசம் பக்கம் அரிசி மில். வைரக்கண்ணுவுக்காகச் செங்கொடி சங்கத்து ஆட்கள் சம்பா அறுவடைக்கு வயலில் இறங்கியபோது, இரண்டு லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து வரப்பில் நிறுத்தியவர் அவர்தான். அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

எனக்கும் அவரைப் பற்றித் தெரிந்தது. எங்கள் வயலில் நடவு செய்யும் ராஜாத்திக்கு அந்த ஊர்தான் பிறந்த ஊர். பேச்சு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, நாற்றுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு வரப்புக்கு வந்தாள்.

"பெரிய பாப்பா, சின்னப் பாப்பாவ அந்த வீட்டுக்குக் குடுத்துடாதீங்க. மொத சம்சாரம் புள்ளப் பேத்துல சாவல. அடி தாங்காம கெணத்துல குதிச்சிருச்சு. இப்ப அந்தக் கெணத்தத் தூத்துட்டாங்க. நான் சொன்னேன்னு வேணாம், நீங்களா ஐயாகிட்ட சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் சேற்றில் இறங்கினாள். நான் வீட்டுக்குப் போய்க் கொல்லையில் நந்தியாவட்டை பறித்தேன். அன்றைக்கு அரளிச் செடிப் பக்கம் நான் போகவே இல்லை.

கோயிலில் பிரகதா தட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "எத எடுத்தா என்னாக்கா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கைக்குக் கிட்டே இருந்ததை எடுத்தாள். அம்மன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டாள் என்று மருதையன் மெச்சிக்கொண்டார். வைகாசியில் கல்யாணம் நடந்தது. மேடைபோட்டு, ஐயர் இல்லாமல், மாலை மாற்றிச் சீர்திருத்தக் கல்யாணம். தலைமை தாங்கியவர் மூடநம்பிக்கையை எதிர்த்து முக்கால் மணி நேரம் பேசினார்.

அதன் பிறகு அமிர்தலிங்கம் ஒரே ஒரு தடவை வந்தார், ஏதோ கையெழுத்துக்காக. நான் அந்த மாம்பழக் கலர்ப் புடவையைக் கட்டியிருந்தேன். "தங்கச்சி நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். சரிங்க என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தரையில் கால் தேய்க்கும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

தலைப்பொங்கலுக்கு வந்த பிரகதா கொல்லையில் குளிக்கும்போது முதுகில் இருந்த தடிப்புகளைப் பார்த்தேன். எப்படி என்று கேட்கவில்லை. கேட்டால் அவளை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவள், "இங்கேயே கொஞ்ச நாள் இருக்கட்டுமாக்கா?" என்றாள். அமிர்தலிங்கம் அப்போது இன்னும் திருவையாற்றில்தான் குடியிருந்தார். புருஷன் வீட்டில் இருப்பதுதான் மரியாதை என்று சொல்லி, நானே அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அடுத்த மாதமே அவர் மாற்றலாகிப் போனார். கும்பகோணத்தில் ஒரு டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவள் அந்த வீட்டில் வாழ்ந்த பதினான்கு மாதமும் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. கட்டியதுதான் நான், எடுத்தது அவள் கை. படுக்கப் போகும்போதும் எழுந்திருக்கும்போதும் அதைச் சொல்லிக்கொள்வேன்.

மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்தது போன ஆடியில். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிர் இருந்தது. உங்கள் ஏட்டு வந்து கேட்டபோது நானாகத்தான் விழுந்தேன் என்று சொன்னாள். அவர் போன பிறகு, அம்மா வெந்நீர் வாங்கப் போன நேரத்தில், என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"அன்னிக்குப் படித்துறையில அந்தப் பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தேன்க்கா. அதுலயும் செவப்பு."

போர்வையை இழுத்துவிடப் போனேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதக்கா. நீ கட்டுனா காரணம் இல்லாமயா இருக்கும்? அவரப் பத்தி ஒனக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, எங்கிட்ட சொல்லக் கூசுறேன்னு நெனச்சேன். இவருக்கு வெள்ள கட்டுனப்ப, அப்ப இவரு நல்லவராத்தான் இருப்பாருன்னு வந்தேன். அம்மன எங்கக்கா நம்புனேன். ஒன்னத்தான் நம்புனேன்."

மூச்சு வாங்கியது. மூச்சு திரும்பியதும் கேட்டாள்.

"இப்பவாவது சொல்லுக்கா. அமிர்தலிங்கம் அப்படி என்னதான் பண்ணாரு?"

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைத்திருக்காது. "அவருக்கு ஊர்ல ஏற்கெனவே பொண்டாட்டி இருந்தாடி" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப நீ செஞ்சது சரிதான்க்கா" என்றாள். என் கையை விடவில்லை. மறுநாள் காலையில் நர்சம்மாதான் விரல்களைப் பிரித்துவிட்டார்.

அவள் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் பொய் சொன்னேன் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அவள் முகத்தில் என்மேல் இருந்த அந்த நம்பிக்கை மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் காரணம்.

இராஜாங்கம் அவளைத் தள்ளினாரா இல்லையா என்பதை நீங்கள் கண்டுபிடியுங்கள். தள்ளியிருப்பார். ஆனால் அந்தப் படிவரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டது நான். அதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. ராஜாத்தியைக் கேளுங்கள், என்னிடம் சொன்னதைச் சொல்வாள். அவளுக்கு எந்தத் தொந்தரவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. ஊரில் இப்போதும் பூக் கட்ட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். தங்கச்சி செத்த தீட்டு கழிந்ததுமே இரண்டு வீட்டிலிருந்து வந்துவிட்டார்கள். கைராசிக்காரி என்கிறார்கள்.

இந்தக் காகிதத்தை உங்களிடம் கொடுக்கலாமா என்று இன்று காலை நானே கோயிலுக்குப் போய்க் கேட்டேன். நானே கட்டி, நானே குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். வெள்ளை வந்தது. அம்மனே கொடுக்கச் சொல்லிவிட்டாள் என்று நினைத்ததும் மனசு லேசாயிற்று. எடுக்காததைப் படித்துறையில் விட்டுவிட்டு நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டிலும் வெள்ளையைத்தான் வைத்திருந்தேன்.