எட்டாவது புள்ளி

பேர்னாட்: ஏழுதான் மச்சான்! நீ மோட்டார் சைக்கிள் ஓட்டின ஒவ்வொரு இடத்திலயும் நான் பக்கத்தில நிண்டனான். ஏழு தரம்தான் நிலத்தில கால் ஊண்டினாய்.

தாஸிம்: புள்ளிப் பலகைல எட்டு எண்டு ஈக்கே.

பேர்னாட்: அதைத்தான் கேக்கிறன். எப்பிடி எட்டாச்சு?

தாஸிம்: அத உடு. ஒனக்கும் எட்டு போட்டீக்கி. எனக்குத் தெரிய நீயும் ஏழு தரம்தான் கால வெச்ச.

பேர்னாட்: என்ர... என்ர சரியாத்தான் இருக்கும்.

தாஸிம்: அப்ப என்டதும் சரியாத்தான் ஈக்கும்.

பேர்னாட்: இல்லையடா, உனக்குப் போட்டது பிழை. நடுவருக்குக் கண் தெரியேல்லை. நான் போய்க் கேக்கிறன்.

தாஸிம்: இரு, இரு! ஒன்டும் கேக்க வாணாம்! இப்பிடிக்கா வந்து மரத்தடில இரி. தலையப் பாரு, இந்த ஒருகொடவத்தைக் களிமண்ணு பாதி ஒன்ட தலைலதான்.

பேர்னாட்: மற்றப் பாதி உன்ர மீசையில. அய்யே, தே தெகக் தென்ன! ...சிங்களக் கடைக்காரனிட்ட ரெண்டு தேத்தண்ணி சொல்லிட்டன். குடிச்சிட்டுக் கதை.

தாஸிம்: நடுவர் கூடாரத்துக்குள்ள என்ன இவ்வளவு நேரம்?

பேர்னாட்: துரைமார் மண்டையைப் போட்டு உடைக்கினம். ஆகக் குறைஞ்ச புள்ளி எடுத்தவனுக்குத்தான் வெற்றி. உனக்கும் எட்டு, எனக்கும் எட்டு. அடுத்தவனுக்குப் பதினொண்டு. சமனா வந்தா என்ன செய்யிறதெண்டு அவையின்ர விதியில எழுதேல்லையாம்.

தாஸிம்: எழுதல்லயா? சீமைலேந்து வந்த விதி எண்டு பெரும பேசினாங்களே.

பேர்னாட்: கால் ஊண்டினா ஒண்டு, இடையில மெஷின் நிண்டா அஞ்சு எண்டு இருக்கு. பாதை தப்பினா என்னவெண்டும் இருக்கு. சமன் வந்தா எண்டு மட்டும் இல்லை. ரெண்டு உள்ளூர்ப் பொடியள் ஒண்டா முதலாவதா வருவாங்களெண்டு ஆர் நினைச்சது?

தாஸிம்: ஹா ஹா... அது உண்ம.

பேர்னாட்: ஆனா சிரிக்க ஏலாது. மெட்ராஸ் கிளப் அங்கத்தைப் போட்டிக்கு ஒரு ஆளைத்தான் கூப்பிட்டிருக்கு. கொழும்பில வெண்டவனுக்குக் கப்பல் டிக்கட். ஒரே ஒரு டிக்கட்.

தாஸிம்: ம்... ஒரே ஒரு டிக்கட்.

பேர்னாட்: என்ன பெருமூச்சு?

தாஸிம்: பெருமூச்சில்ல, தேத்தண்ணி சுட்டுப் போச்சி. ஏன் மச்சான், இந்த வெளாட்டு இன்னம் அம்பது வருஷத்தில எப்பிடி ஈக்கும்? இப்ப ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்தெட்டு. எண்பத்தெட்டில?

பேர்னாட்: இப்பிடியேதான். சேறு, கல்லு, நடுவர், சண்டை.

தாஸிம்: இல்ல. பாரு, கல்லுக்கு மேல மெஷின நிப்பாட்டி, கால வெக்காம, தவள மாதிரித் துள்ளுவானுங்க.

பேர்னாட்: போடா! நிண்டா அஞ்சு புள்ளி.

தாஸிம்: விதிய மாத்துவாங்க. ஒரு வருஷம் நிக்கலாம் எண்டுவாங்க, அடுத்த வருஷம் நிக்கப்படாது எண்டுவாங்க. அதுக்கும் ஒரு கூடாரம், அதுக்குள்ளயும் ஒரு சண்ட.

பேர்னாட்: இந்தப் பாரத்தை வைச்சுக்கொண்டு ஆர் துள்ளுறது? குழியில இருந்து தூக்கவே நாலு பேர் வேணும்.

தாஸிம்: பாரத்தக் கொறைப்பாங்க. சீற்றே இல்லாமச் செய்வாங்க. எழும்பி நிண்டுக்கிட்டு ஓட்டுற வெளாட்டுக்கு சீற் என்னத்துக்கு?

பேர்னாட்: சீற் இல்லாத மோட்டார் சைக்கிள்! அந்தோனியாரே, இவனுக்கு வெயில் பட்டிட்டுது.

தாஸிம்: சிரி, சிரி. அந்தா ஒன்ட தங்கச்சி வாறா, அவட்ட கேளு.

ஐறீன்: அண்ணா! தாஸிம் நானா! கையெல்லாம் சோக்குக்கட்டி... கொஞ்சம் தண்ணி ஊத்துங்கோ.

பேர்னாட்: பலகையில எழுதினது நீதானே ஐறீன். உண்மையைச் சொல்லு, இவனுக்கு எப்பிடி எட்டு வந்தது?

ஐறீன்: எழுதச் சொன்னதை எழுதினன். அதை விடுங்கோ. உள்ளுக்குப் பெரிய சண்டை. ஒரு துரை காசைச் சுண்டிப் பாப்பமெண்டுறார். மற்றவர், ரெண்டு பேரையும் தண்ணிக்குழியில இன்னொருக்கா ஓட விடுவமெண்டுறார்.

தாஸிம்: இன்னொருக்காவா? எனக்கேலா! மணிக்கட்டு நோகுது. பேர்னாட்டுக்குக் குடுக்கச் சொல்லுங்க.

பேர்னாட்: மணிக்கட்டா? இப்பதானே அந்தக் கையால என்ர முதுகில அடிச்சாய்! எனக்குத்தான் ஏலாது. கிளச் கம்பி அறுந்து போச்சு.

தாஸிம்: காட்டு பாப்பம்... எங்க அறுந்த? நல்லாத்தானே ஈக்கி! நேத்து நானே புதுசு போட்ட கம்பி.

பேர்னாட்: அறுந்து போற மாதிரி இருக்கெண்டு சொன்னனான்.

ஐறீன்: என்ன இது? காலமை ரெண்டு பேரும் ஒராளை ஒராள் முறைச்சுக்கொண்டு திரிஞ்சியள். இப்ப ஒருத்தருக்கும் மெட்ராஸ் வேண்டாமோ?

தாஸிம்: இவன் போகட்டும் தங்கச்சி. இவன் விரும்புற கொன்ஸ்ரன்ஸ் நர்ஸ் வேல படிக்க மெட்ராஸுக்குப் போன நாள்லேந்து இவன் ஒழுங்காச் சோறு திண்டீக்கிறானா?

ஐறீன்: அது உண்மை. ராவில ஜன்னலடியில நிண்டு கடலைப் பாக்கிறார். எங்கட வீட்டு ஜன்னலுக்குக் கடல் தெரியாது, பக்கத்து வீட்டுக் கூரைதான் தெரியும்.

பேர்னாட்: வாயை மூடடி! போக வேண்டியது இவன்தான். கொச்சிக்கடைப் பக்கம் வாற கப்பல் எஞ்சினெல்லாம் திருத்தினவன், ஒரு கப்பலிலயாவது ஏறிப் போயிருக்கிறானோ? திருத்துவான், இறங்குவான், கரையில நிண்டு கை காட்டுவான்.

தாஸிம்: எனக்குக் கை காட்டப் புடிக்கும்.

பேர்னாட்: பொய். நாங்கள் ஓட்டின ரெண்டு மெஷினும் கிராண்ட்பாஸ் கடையளில பழைய இரும்புக்குள்ள இருந்து இவன் பொறுக்கிச் செய்தது. மெட்ராஸ்காரர் இவனைப் பாக்கோணும்.

தாஸிம்: மெஷினப் பாத்தாப் போதும். மொகத்தப் பாத்துப் பயந்துருவாங்க.

ஐறீன்: பொறுங்கோ, மணி அடிக்கிது! என்னைக் கூப்பிடுகினம். இஞ்சையே இருங்கோ, ஓடிப்போய் வாறன்.

பேர்னாட்: காசைச் சுண்டினா நீ தலை சொல்லு.

தாஸிம்: நீ தல சொல்லு. தலதான் விழும்.

பேர்னாட்: உனக்கெப்பிடித் தெரியும்?

தாஸிம்: தெரியா. நீ செல்லு.

பேர்னாட்: சரி, ரெண்டு பேரும் ஒண்டும் சொல்லாமல் நிப்பம்.

தாஸிம்: அதுக்கும் விதி இல்ல மச்சான்... ஹா ஹா ஹா!

பேர்னாட்: சிரியாத, தேத்தண்ணி மூக்கில ஏறும்... ஏறிட்டுது. பார், ஐறீன் ஓடி வாறாள். கையைத் தூக்கிக்கொண்டு வாறாள். ஆர் வெண்டதெண்டு தெரியேல்லை.

ஐறீன்: ரெண்டு பேரும்!

தாஸிம்: என்ன ரெண்டு பேரும்?

ஐறீன்: ரெண்டு பேரும் போறியள்! இன்னொரு டிக்கட்டைக் கொழும்புக் கிளப்பே போடுதாம். ஆனா ஒரு மெஷினுக்குத்தான் கப்பலில இடம். ஒரே மெஷினை மாறி மாறி ஓட்டுங்கோ. மெட்ராஸ் விதியில அதுக்குத் தடையில்லையாம்.

பேர்னாட்: அந்தோனியாரே!

தாஸிம்: அல்ஹம்துலில்லாஹ்! தங்கச்சி, இன்னொருக்காச் செல்லு!

ஐறீன்: ரெண்டு பேரும்! ...ஐயோ, என்னைத் தூக்காதேங்கோ அண்ணா, சேறு! என்ர புதுச் சட்டை!

தாஸிம்: எந்த மெஷின் மச்சான்? ஒன்டதா, என்டதா?

பேர்னாட்: உன்ர. இல்லை, என்ர. ஐயோ, அதுக்கும் ஒரு கூடாரம் போடோணும்.

ஐறீன்: நில்லுங்கோ, இன்னும் முடியேல்லை. அடுத்த வருஷத்துக்குப் புது விதி ஒண்டும் எழுதியிருக்கினம். கால் ஊண்டினதை நடுவர்தான் காண வேணுமாம். ஓட்டின ஆள் தானா வந்து 'நான் ஊண்டினனான்' எண்டு சொல்லித் தனக்குப் புள்ளி கூட்டக் கூடாதாம்.

தாஸிம்: தேத்தண்ணி ஆறிப் போச்சி, குடி மச்சான்.

பேர்னாட்: நீயும் குடி.

ஐறீன்: இப்பிடியொரு விதி ஏனெண்டு நடுவர் துரையைக் கேட்டன். முதல்ல ரெண்டு பேருக்கும் ஏழுதான் எழுதினனான், பிறகு வந்து ரெண்டையும் எட்டாக்கச் சொன்னதும் அந்தத் துரைதான். அவர் சிரிச்சுப் போட்டு, 'வெளியில மரத்தடியில இருக்கிற ரெண்டு பேரையும் கேள்' எண்டார். என்ன, ரெண்டு பேரும் கோப்பைக்குள்ள பாக்கிறியள்?

தாஸிம்: பேர்னாட்... நீயும் போய்ச் செல்லினியா?

பேர்னாட்: 'நீயும்' எண்டா... நீ என்னடா சொன்னனி?

தாஸிம்: தண்ணிக்குழில நான் கால வெச்ச எண்டு செல்லின.

பேர்னாட்: நீ வைக்கேல்லையேடா! நான் கரையில நிண்டு பாத்தனான்.

தாஸிம்: வெக்கல்லதான். ஒனக்கு டிக்கட் வரட்டும் எண்டு செல்லின. நீ எங்க வெச்ச எண்டு செல்லின?

பேர்னாட்: அதே தண்ணிக்குழியிலதான் மச்சான்... என்ர காலும் நனையவே இல்லை.