மருமக கேட்ட ஸ்பிரிட்டு

கிட்ட வந்து உக்காரும்மா. தள்ளி உக்காந்தா நான் கத்தணும், கத்தினா உள்ள இருக்கற மகன் கையில பிலிம் ஆடிப்போச்சுன்னு குதிப்பான். டேப்பை மடியில வையி. உள்ளறைத் திரைக்கு அளவு எங்கயும் ஓடிப்போயிடாது.

இந்த வாசனையா? ஸ்பிரிட்டு. வீட்டுல மூணு நாளா இதுக்குத்தான் சண்டை. பழைய போட்டோ பிலிமைப் படமாக்கிக் குடுக்கறது இவங்க தொழில்; சும்மா ஸ்கேன் பண்ணினா கீறல் அத்தனையும் படத்துல விழும். கண்ணாடி மேல எதையாவது விட்டு நனைச்சு ஒட்டினா கீறல் தெரியாதாம். எதை விடறது? அதான் வம்பு. தண்ணி விட்டா பிலிம் ஊறி உப்பிடும். எண்ணெய் விட்டா கழுவி மாளாது. லைட்டர்ல ஊத்தற பெட்ரோல்தான் பிலிமுக்குப் பாதுகாப்புன்னு மகன் ஒத்தக் கால்ல நிக்கறான். பிலிமுக்குச் சரி, நமக்குன்னு மருமக அவனைப் பிடிச்சுக்கிட்டா. வாசல்ல உங்கப்பா சிகரெட்டும் கையுமா உக்காந்திருக்காரு, வீடு பத்திக்கிட்டா? ஸ்பிரிட்டுதான்னு நின்னா.

ஸ்பிரிட்டும்தானே பத்திக்கும்ங்கறியா? மகனும் அதான் சொன்னான். அவ காதுலயே வாங்கல.

நான் சிகரெட்டை விட்டுப் பதினோரு வருஷமாச்சும்மா. விட வச்சவளே அவதான். மகனுக்குப் பிலிமைத் தவிர எது கண்ணுல பட்டிருக்கு? நானும் வாயைத் திறக்கல. அவ பொய் சொன்னா சும்மா சொல்ல மாட்டா.

எல்லாம் ஒரே ஒரு பிலிமுக்காக. பெரிய மனுஷர் ஒருத்தர் கொண்டாந்தாரு. புது வீட்டு ஹால்ல மாட்ட அவங்கப்பா படம் பெருசா வேணுமாம். அப்பா பக்கத்துல நிக்கறவங்களைச் சிவப்பு மை பூசி மறைச்சிருந்துச்சு. அப்படிப் பூசினா படத்துல அந்த இடம் வெறும் வெள்ளையா வரும். கீறலை எடுங்க, மையைத் தொடாதீங்க, அது அப்பாவோட மூத்த சம்சாரம், எங்கம்மா பூசச் சொன்னதுன்னாரு. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சதைச் சொல்ற மாதிரி! அவங்களுக்குப் பிள்ளைங்க இல்லையான்னு மருமக நைசாக் கேட்டா. ஒரு பொண்ணு இருக்கு, தையக்கடை வச்சிருக்கு, அம்மா முகமே ஞாபகமில்ல, ஒரே ஒரு படம் குடுன்னு வருஷா வருஷம் வந்து வாசல்ல நிக்கும்னு சொல்லிச் சிரிச்சாரு.

ஏம்மா, டேப்பை இந்த முறுக்கு முறுக்கறே?

பெட்ரோலுக்கு அந்த மை அசையாதாம். ஸ்பிரிட்டுக்குக் கரைஞ்சிடுமாம். சண்டையே ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஓரத்துல ஊசிமுனை அளவு தொட்டுப் பாத்துட்டா அவ.

அவருக்கு ஒரு குறையும் வைக்கலம்மா. வெள்ளைத் திட்டோட படம், அவ திரும்பவும் பழையபடி சிவப்பு பூசி வச்ச பிலிம், ரெண்டும் குடுத்தாச்சு. ரொம்பப் பத்திரமா வேலை பாக்கறீங்கன்னு காலையில மெச்சிட்டுப் போனாரு.

இந்தா, இந்த உறையைப் பிரி. இடுப்புல இருக்கறது நீதான். உங்கம்மா மூக்கைப் பாரு, அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கு. படத்தைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு அழும்மா, நனையப் போகுது.

திரையா? உள்ளறைக்கு ஜன்னலே கிடையாதும்மா. அளவெடுக்க வான்னு உனக்குப் போன் போட்டதும் அவதான்.