கருப்பர் ஸ்டிக்கர்

ஜீவிதா: ...மாமா, வண்டியை அசையாமப் பிடிங்க. விரிசல் எங்க போய் முடியுதுன்னு பாக்கணும்.

ஈஸ்வரன்: பிடிச்சுக்கிட்டுதான் நிக்கிறேன். நேத்து எட்டு போடுறேன்னு நீ சாய்ச்சப்பவே பிடிச்சிருந்தா இந்த வேலையே இல்ல.

ஜீவிதா: குத்திக் காட்டாதீங்க. முக்கால் எட்டு போட்டுட்டேன். கோழி குறுக்க வந்துருச்சு.

ஈஸ்வரன்: நாளைக்கு ஆர்.டி.ஓ. மைதானத்துலயும் கோழி வருமாக்கும்?

ஜீவிதா: சிரிங்க, சிரிங்க. உங்க மகன் என்ன சொல்லிட்டுப் போனாரு? "வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் லைசென்சை மறந்துரு. பத்து வருசமா லாரி ஓட்டுறேன், ஒரு வண்டியைக் கீழ போட்டதில்ல"ன்னு...

ஈஸ்வரன்: எப்ப வாரானாம்?

ஜீவிதா: கேரளா லோடு இறக்கிட்டு ஒட்டன்சத்திரம் வந்துட்டாரு. சாயங்காலத்துக்குள்ள வந்துருவாரு.

ஈஸ்வரன்: கடையில புதுசு வாங்கி மாட்டிருவோம் ஆத்தா.

ஜீவிதா: விசாரிச்சுட்டேன். இந்த வண்டிக்கு ஃபேரிங், அதான் இந்தப் பிளாஸ்டிக் மூடி, வர ஒரு வாரம் ஆகுமாம். நானே ஒட்டுறேன். சால்ட்ரிங் ராடைச் சூடு பண்ணி, உள்பக்கம் ஸ்டேப்ளர் பின்னை வச்சு அழுத்தி, மேல பிளாஸ்டிக்கை உருக்கி விட்டா நிக்கும். செல்லுல நாலு தடவை பாத்துட்டேன்.

ஈஸ்வரன்: அதுக்கு எதுக்கு அம்புட்டுப் பாடு? உடைஞ்ச வாளியை உன் புருசன் இளஞ்செழியன் ஒட்டுனானே... பசையை விட்டு, மேல ஆப்பச் சோடாவைத் தூவி. இன்னைக்கும் கல்லு மாதிரி நிக்குது.

ஜீவிதா: அது அவருக்கு மட்டும்தான் கைவரும். நான் செஞ்சா என் விரல்தான் ஒட்டுது. ...இந்தா பாருங்க, விரிசல் ஸ்டிக்கருக்கு அடியில போகுது. உரிச்சாத்தான் முனை தெரியும்.

ஈஸ்வரன்: ஏத்தா! கருப்பர் ஸ்டிக்கரை உரிக்காத!

ஜீவிதா: முனையில சின்னதா ஓட்டை போடலேன்னா விரிசல் ஓடிக்கிட்டே இருக்கும் மாமா.

ஈஸ்வரன்: ஓடட்டும். குலசாமி பேரு... நகத்தை வைக்கலாமா?

ஜீவிதா: குளிச்சுட்டுத்தான் வந்துருக்கேன். நாளைக்குப் புதுசு வாங்கி ஒட்டிச் சூடமும் காட்டிருவேன்.

ஈஸ்வரன்: எல்லாத்தையும் நாளைக்கே பாத்துக்கலாம்ங்கிறேன்...

ஜீவிதா: மாமா... பூவைப் பறிச்சு வச்சுட்டு, கிறிஸ்துராஜ் அண்ணன் வேன் எப்ப வரும்னு எத்தனை நாளு ரோட்டுல நின்னுருக்கேன்? மார்க்கெட் போய்ச் சேரும்போது பாதி வாடிருது. வீட்டுல வண்டி சும்மா நிக்குது. நாளைக்கு நான் எட்டு போட்டே ஆகணும். கருப்பர் கோவிச்சா என்னைக் கோவிக்கட்டும்.

ஈஸ்வரன்: வேணாம் தாயி...

ஜீவிதா: உரிச்சுட்டேன். ...மாமா.

ஈஸ்வரன்: என்ன?

ஜீவிதா: பக்கத்துலயே இன்னொரு விரிசல். உள்ள அழுக்கேறிக் கிடக்கு. இது நேத்து விழுந்தது இல்ல. ...அங்க எங்க பாக்குறீங்க? ஸ்டிக்கரை வாங்கி ஒட்டுனது யாரு?

ஈஸ்வரன்: ...நான்தான்.

ஜீவிதா: பக்தியிலயா?

ஈஸ்வரன்: பயத்துல. கண் ஆபரேசனுக்கு அப்புறம் வண்டியைத் தொடக் கூடாதுன்னு உன் புருசன் சொல்லிருக்கான்ல. ஆசையா இருந்துச்சு... டீக்கடை வரைக்கும் எடுத்தேன். திரும்பி வந்து நம்ம வாசல்லயே சாச்சுட்டேன். பாத்தா விரிசல்.

ஜீவிதா: நேத்து ராத்திரி பூரா "வண்டியை உடைச்சுட்டேனே"ன்னு அழுதேன். கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க?

ஈஸ்வரன்: கேட்டேன். மனசு கேக்கல. அதான் விடிஞ்சதுல இருந்து வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவன் வரட்டும்... மொத்தமும் அப்பாதான் உடைச்சாருன்னு சொல்லிரு. எனக்கு இனி சாவி வேணாம். நீ எட்டு போடு.

ஜீவிதா: பொய் சொல்லி வாங்குற லைசென்சு எனக்கு எதுக்கு? நான் விழுந்ததை நானே சொல்லுவேன். ஸ்க்ரூவைக் கழட்டுங்க, உள்பக்கம் பாப்போம். ...கழண்டுருச்சா? திருப்புங்க. ஒரே சேறு. துணியைக் குடுங்க.

ஈஸ்வரன்: இந்தா.

ஜீவிதா: பழைய விரிசல் மேல என்னமோ வெள்ளையா... கல்லு மாதிரி... ஆப்பச் சோடா! ஸ்டிக்கர் பத்தாதுன்னு சோடா வேற போட்டீங்களா மாமா?

ஈஸ்வரன்: நான் எங்க போட்டேன்? ஸ்க்ரூவைக் கூடத் தொடல. ஸ்டிக்கர் மட்டும்தான் ஆத்தா.

ஜீவிதா: அப்ப...

ஈஸ்வரன்: ஸ்டிக்கர் ஒட்டுன அன்னைக்கு, "நல்ல இடமாப் பாத்து ஒட்டிருக்கீங்கப்பா"ன்னு சிரிச்சானே... அட எடுபட்ட பயலே! எனக்கு முன்னாடியே அவன் கீழ போட்டு உடைச்சு, ஒட்டியும் வச்சிருக்கான்!

ஜீவிதா: செத்த இருங்க, அவரே கூப்புடுறாரு. ஸ்பீக்கர்ல போடுறேன். ...ஹலோ?

இளஞ்செழியன்: லாரியை விட்டுட்டு பஸ் ஏறிட்டேன். வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?

ஜீவிதா: விழுந்துருச்சு. நான்தான் கீழ போட்டேன். ஃபேரிங்ல விரிசல்.

இளஞ்செழியன்: பாத்தியா! நான் என்ன சொல்லிட்டு வந்தேன்? ஒரு கீறல் விழுந்தாலும்... ஆமா, எந்தப் பக்கம்?

ஜீவிதா: இடது பக்கம். நீங்க சோடா போட்டு ஒட்டுன இடத்துக்கு ரெண்டு விரல் தள்ளி.

இளஞ்செழியன்: நாளைக்கு எட்டு போட எத்தனை மணிக்கு வரச் சொல்லிருக்காங்க?