கூரைச் சன்னலைத் திறந்துவிடுங்கள்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெரியவர் ஷோஹைதர் அவர்களே! பர்தாங் பள்ளத்தாக்கின் பாறையிலே பயிர் கண்ட மூத்தோர்களே! முதுகிலே விறகும் மடியிலே மகவும் சுமந்த தாய்மார்களே! இந்தச் சுவருக்கு வெளியே தன்னந்தனியாய் ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் ஆறே! உங்கள் அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம்.

நோயாளியின் தலைமாட்டில் ரபாப் மீட்டி இறைவனைப் பாடுகிறோமே, அந்த மத்தோ பாட்டுக்கென்று இன்று ஒரு மண்டபம் பிறந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஊசி விழுந்தாலும் கேட்கும், அவ்வளவு அமைதி என்று எனக்கு முன்னே பேசியவர் பெருமைப்பட்டார். எது ஐயா அமைதி? ஓசை ஒழிந்தால் அமைதியா? ஊர் உறைந்தால் அமைதியா? அப்படியானால் இடுகாட்டில் போய்ப் பாடலாமே!

சிரிக்கிறீர்கள். நான் சிரிக்க முடியாத ஒரு மத்தியானத்தைச் சொல்லட்டுமா?

என் மகள் நிகினா அப்போது சின்னஞ்சிறுமி. காய்ச்சலில் கண் திறக்கவில்லை. சாலையை மண்சரிவு மூடிவிட்டது. மருத்துவர் வர வழியில்லை. வீட்டுத் தூணோரம் அவளைக் கிடத்திவிட்டு, மத்தோ பாடும் குஷ்கதம் அண்ணனை அழைத்தோம். அவர் பாடினார். பிள்ளையின் மூச்சு மெல்ல மெல்லப் பாட்டோடு சேர்ந்தது. என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்த நேரம் பார்த்து, பாதிப் பாட்டில், அண்ணன் ரபாபிலிருந்து கையை எடுத்துவிட்டார்!

பாதியில் நின்ற மத்தோ படுத்தவரைக் கொண்டுபோகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. என் கணவர் தில்லோவர் பாய்ந்துபோய் அவர் சட்டையைப் பிடித்தார்.

"பாட்டை நிறுத்துறியே, எம் பிள்ளையக் கொல்லப் பாக்குறியாண்ணே?"

அண்ணன் கையைத் தட்டிவிடவில்லை. கூரைச் சன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, ஆத்துச் சத்தம் நின்னு போச்சு. பிள்ளையத் தூக்கு."

காது கொடுத்தோம். தொட்டில் முதல் கேட்ட இரைச்சல் இல்லை. மேலே எங்கோ மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது. அடைப்பு உடைந்தால் ஊர் மிஞ்சாது. அப்படியோர் அமைதியை நான் அதற்கு முன்னே கேட்டதில்லை. பிள்ளையைத் தூக்கினோம், கூவிக்கொண்டே மேடேறினோம், ஊரே ஏறியது. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது சேற்று வெள்ளம் எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டு போயிற்று. தூணும் போயிற்று, ரபாபும் போயிற்று.

மேட்டிலே ஆளுக்கொரு பக்கம் அழுகை. என் மடியில் நிகினா கண் திறந்தாள்.

"மாமா, மிச்சப் பாட்டு எங்க?"

ரபாப் இல்லை. வெறும் தொடையில் தாளம் தட்டி மிச்சத்தைப் பாடி முடித்தார் அண்ணன். கீழே ஆறு மறுபடியும் இரைந்தது. அந்த இரைச்சலிலேதான் என் பிள்ளைக்கு வேர்த்தது, காய்ச்சல் விட்டது, தூங்கினாள்.

மத்தோவா, மகளின் ஆயுளா, எனக்குத் தெரியாது. ஒன்று தெரியும். பாட்டிலே தோய்ந்திருந்த நேரத்திலும் அந்த மனிதரின் காது ஆற்றை விடவில்லை. இறைவனைக் கேட்கிற காதும் ஆற்றைக் கேட்கிற காதும் ஒரே காதுதான்! ஆகவேதான் நம் முன்னோர் சன்னலைக் கூரையிலே வைத்தார்கள். நாமோ இங்கே அதைக் கனத்த கண்ணாடியால் மூடி வைத்திருக்கிறோம்.

என்ன? திறந்தால் குளிரும் என்கிறாரா பின்வரிசைத் தம்பி? குளிரட்டும் அப்பா, போர்த்திக்கொள்!

தலைவர் அவர்களே, அந்தச் சன்னல் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். அதுவரை, இன்று மத்தோ பாட வந்திருக்கும் என் மகள் இங்கே பாடமாட்டாள், நானும் இறங்கமாட்டேன்.

அடடா, தலைவரே எழுந்துவிட்டார். தாமே இழுக்கிறார்.

கேட்கிறதா? வந்துவிட்டது நம் ஆறு. குஷ்கதம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார், பாருங்கள். காலை முதல் அவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி, கயிறு இழுத்த கைக்கு நன்றி. யா அலி மதத், அலியே துணை!

நிகினா, இப்போது பாடம்மா.